எந்த வலி எதனால்?
மூட்டுவாதக்காரர்கள் எலும்பு மருந்து சாப்பிடும்போது கவனிக்க வேண்டியவை



“வாதத்துக்கு மருந்து சாப்பிட்டேன், எலும்பு மெலிஞ்சு போச்சுன்னாங்க. எலும்புக்கு மருந்து கொடுத்தாங்க. இப்ப நெஞ்சு எரியுது, உடம்பெல்லாம் வலிக்குது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கு!”

இப்படி அலுத்துக்கொள்ளும் மூத்தவர்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறிய குடும்பங்களிலும் இருக்கிறார்கள். முப்பது நாற்பது வருடம் பால்மரம் வெட்டி, காண்டா சுமந்து, செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிய உடம்பு அது. முட்டிவலியும் இடுப்புவலியும் அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். அந்தப் பழக்கம்தான் இப்போது ஆபத்தாகிறது. புதிதாக ஒரு வலி வந்தாலும், “எல்லாம் பழைய வாதம்தான்” என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். வேறு சிலர், “இந்த மருந்துதான் வில்லங்கம்” என்று தாமாகவே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இரண்டுமே எலும்பு முறிவில் கொண்டுபோய் விடக்கூடியவை.

எந்த வலி எதனால் வருகிறது, எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதைப் பார்ப்போம். வீட்டில் பெரியவர்களுக்குக் கண் சரியில்லை என்றால், பிள்ளைகள் இதை வாசித்துக் காட்டுங்கள்.

தேய்வு வேறு, மெலிவு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் எல்லாவற்றுக்கும் “எலும்பு தேய்ஞ்சு போச்சு” என்று ஒரே வார்த்தையைச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இங்கே மூன்று நோய்கள் இருக்கின்றன.

ஒன்று, மூட்டுத் தேய்வு. முட்டியிலும் இடுப்பிலும் எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. வயதாலும், உடல் எடையாலும், வருடக்கணக்காகக் குனிந்து நிமிர்ந்து சுமை தூக்கியதாலும் அது கெட்டுப்போவதுதான் மூட்டுத் தேய்வு.

இரண்டாவது, முடக்குவாதம். நம் உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி வழிதவறி, நம் மூட்டுகளையே தாக்குகிறது. இரண்டு கை விரல்களும் மணிக்கட்டும் வீங்கும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்காது. இளவயதிலும் இது வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

மூன்றாவது, எலும்பு மெலிவு. டாக்டர்கள் இதை ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். கறையான் அரித்த வீட்டுத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் தூண் நன்றாகத்தான் நிற்கும். உள்ளே கூடாகிப்போயிருக்கும். ஒருநாள் லேசாகச் சாய்ந்தாலே முறியும். எலும்பு மெலிவும் அப்படித்தான். முறியும்வரை வலியே இருக்காது. குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தால் இடுப்பு எலும்பு முறியும். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினால் முதுகெலும்பு நசுங்கும்.

ஆகவே மூட்டு வலிக்கு மருந்து வேறு, எலும்பு மெலிவுக்கு மருந்து வேறு. “எலும்பு மருந்து சாப்பிட்டும் முட்டிவலி குறையலையே” என்று ஏமாற்றப்படாதீர்கள். அந்த மருந்து முட்டிவலிக்குக் கொடுத்ததல்ல. எலும்பு முறியாமல் இருக்கக் கொடுத்தது.

இரண்டும் ஏன் ஒருவரிடமே வருகின்றன?

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு எலும்பு மெலிவும் சேர்ந்து வருவது அதிகம். மூட்டில் எரிகிற அழற்சியே பக்கத்து எலும்பை அரிக்கும். வலியால் நடமாட்டம் குறைவதும் எலும்பைப் பலவீனமாக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாகக் கரையும். இவற்றோடு பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது. அதுதான் ஸ்டீராய்டு மருந்து.

1948ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் ஃபிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாட்களிலேயே அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. 1950இல் ஹெஞ்சுக்கும் அவருடன் கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த மருந்தின் மறுபக்கமும் தெரிந்தது. முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு மெலிந்தது. இன்றும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பலருக்குத் தேவைப்படுகிறது. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தினமும் சாப்பிடுகிறவருக்கு எலும்பைப் பரிசோதிக்க வேண்டும். மருந்து தொடங்கிய முதல் ஆறு மாதங்களில்தான் எலும்பு அதிக வேகமாகக் கரைகிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டாவது சீட்டில் இருக்கும். சீட்டிலே இல்லாத ஸ்டீராய்டும் ஒன்று உண்டு. பசார் மாலாமிலும், தெரிந்தவர் மூலமாகவும், இப்போது கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் சில ஜாமு உருண்டைகள், மூலிகை கேப்சூல்கள் ஆகியவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற பலமான ஸ்டீராய்டைக் கலந்து விற்பதை மலேசிய சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். “ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சு” என்று யாராவது ஒரு ஜாமுவைப் புகழ்ந்தால், அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. பதிவான மருந்துக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும், மினுமினுக்கும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். அவை இல்லாததை வாங்காதீர்கள்.

ஏற்கனவே மாதக்கணக்கில் அப்படிப்பட்ட ஒன்றைச் சாப்பிட்டு வருகிறவர்கள் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. ஸ்டீராய்டுக்குப் பழகிய உடம்பில் சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, இரத்த அழுத்தம் இறங்குதல் என்று உயிருக்கே ஆபத்து வரலாம். பாட்டிலையோ பொட்டலத்தையோ அப்படியே எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்க வேண்டாம்.

வாரம் ஒரு மாத்திரை: முறை தவறினால் நெஞ்சு புண்ணாகும்

எலும்பு மெலிவுக்கு முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் அலெண்ட்ரோனேட் மாத்திரை. ஃபோசாமேக்ஸ் என்ற பெயரிலும் வரும். வாரத்துக்கு ஒன்றுதான், 70 மில்லிகிராம். ரிசெட்ரோனேட் என்பதும் இதே குடும்பம். எலும்பைக் கரைக்கும் அணுக்களின் வேலையை இவை மட்டுப்படுத்துகின்றன.

இதன் முதல் தொல்லை, மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும் என்பதுதான். 1996லேயே டாக்டர்கள் இதை எழுதி எச்சரித்தார்கள். ஆகவே சாப்பிடும் முறை மிக முக்கியம்.

காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். ஒரு பெரிய கிளாஸ் நிறைய வெறும் தண்ணீர் குடிக்க வேண்டும். காப்பி, தே தாரிக், மைலோ, பால் எதுவும் கூடாது. அவற்றோடு சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது. மாத்திரையைக் கடிக்கவோ, சப்பவோ கூடாது. அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது நிற்க வேண்டும், நடக்க வேண்டும். படுக்கவே கூடாது. காலைச் சாப்பாடு முடியும்வரை படுக்கை பக்கம் போகாதீர்கள்.

பெரட்டுக்கு ஓடுகிற நாளில் இதெல்லாம் நடக்காது. அவசரத்தில் மாத்திரையைப் போட்டு ஒரு மிடறு காப்பியோடு விழுங்கிவிட்டு, அடுத்த நிமிடம் மரத்தடியில் குனிகிற நிலைமை வரும். ஓய்வு நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே நாள்தான்.

முதுகு வளைந்து அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களும், விழுங்குவதற்குச் சிரமப்படுகிறவர்களும் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இந்த மாத்திரை பொருந்தாது. ஊசி மருந்து இருக்கிறது. சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்களுக்கும் இது கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மூட்டுவாதக்காரர்களுக்கு இங்கே இன்னொரு சிக்கல். அவர்கள் ஏற்கனவே டைக்லோஃபினாக், இபுப்ரோஃபன், மெஃபனாமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகளைச் சாப்பிடுகிறார்கள். அவையும் வயிற்றைப் புண்ணாக்குபவை. அதோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சாப்பாடு விழுங்கும்போது வலி, நெஞ்சுக்கு நடுவில் புதிதாக எரிச்சல், தார் மாதிரி கறுத்த மலம், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். கறுத்த மலமும் அப்படிப்பட்ட வாந்தியும் வயிற்றில் இரத்தம் கசிவதன் அடையாளம். மறுநாள்வரை காத்திருக்கும் விஷயம் அல்ல.

சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் எலும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கிவிடாதீர்கள். ஒன்று மற்றொன்றைத் தடுத்துவிடும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். அதனால் மலச்சிக்கல் வந்தால் தண்ணீரும் கீரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு ‘வார மாத்திரை’ இருந்தால் கவனம்

முடக்குவாதத்துக்கு முதன்மையான மருந்து மெத்தோட்ரெக்ஸேட். அதுவும் வாரத்துக்கு ஒரு நாள்தான். ஆக, முடக்குவாதமும் எலும்பு மெலிவும் உள்ள ஒருவர் வீட்டில் இரண்டு ‘வார மருந்து’ இருக்கும். மற்ற மாத்திரைகளோ தினசரி. எழுத்து தெரியாத பாட்டி மாற்றிச் சாப்பிட்டுவிட்டால்?

அலெண்ட்ரோனேட்டை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சாப்பிட்டால் நெஞ்செரியும், வயிறு கெடும். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிரே போய்விடும். பல நாடுகளில் அப்படி நடந்திருக்கிறது. வாயெல்லாம் புண், காய்ச்சல், பல் ஈறில் இரத்தம் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. மளிகைக் கடையில் கொடுக்கும் நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, எலும்பு மாத்திரை நாளுக்கு ஒரு நிறத்தில் வட்டமும், வாத மாத்திரை நாளுக்கு வேறு நிறத்தில் வட்டமும் போடுங்கள். இரண்டும் வெவ்வேறு கிழமையாக இருக்கட்டும். இரண்டு மருந்தையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். வீட்டில் ஒருவர், மகனோ மகளோ மருமகளோ, அதற்குப் பொறுப்பாக இருங்கள்.

ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல்

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஸோலெட்ரோனிக் ஆசிட் என்ற மருந்தை வருடத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக, குறைந்தது 15 நிமிடம், சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ஏற்றிய மூன்று நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்பு முறித்துப் போட்டாற்போல் வலி வரலாம். மூட்டுவாதக்காரர் இதைப் பார்த்து, “வாதம் முத்திப்போச்சு” என்று பயந்துவிடுவார்.

பயப்பட வேண்டாம். 2007இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், முதல்முறை மருந்து ஏற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்படி வந்தது. இரண்டாவது வருடம் நூற்றுக்கு 7 பேருக்கும், மூன்றாவது வருடம் நூற்றுக்கு 3 பேருக்கும்தான் வந்தது. பெரும்பாலும் மூன்று நாளில் அடங்கிவிடும். நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். டாக்டர் சொன்ன அளவில் பனடோல் சாப்பிடலாம். மூன்று நாளைத் தாண்டியும் காய்ச்சல் நீடித்தால் அது வேறு காய்ச்சலாக இருக்கலாம். டெங்கியும் இங்கே இருக்கிறது, கிளினிக்குக்குப் போங்கள்.

வேலையில் இருப்பவர்கள் இதற்காகக் கூலியை இழக்க வேண்டியதில்லை. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாட்களும், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 18 நாட்களும், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாட்களும் ஊதியத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. டாக்டரிடம் எம்.சி. கேட்டு வாங்கி, வேலை இடத்துக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிவித்துவிடுங்கள்.

இது வாத வலியா, மருந்து வலியா?

இதுதான் முக்கியமான கேள்வி. 2008ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. அலெண்ட்ரோனேட் குடும்பத்து மருந்துகளைச் சாப்பிடும் சிலருக்கு எலும்பிலும் மூட்டிலும் தசையிலும் கடுமையான வலி வருகிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம் என்று அது சொன்னது. மருந்தை நிறுத்தியதும் சிலருக்கு முழுவதும் குணமாகிவிடும், சிலருக்கு மெதுவாகத்தான் குறையும்.

மூட்டுவாதம் இல்லாதவருக்கு இந்த வலி வந்தால் உடனே தெரியும். மூட்டுவாதக்காரருக்கோ, வெள்ளத்தில் மழை பெய்த மாதிரி, எது எதுவென்று தெரியாது. சில அடையாளங்களைச் சொல்கிறேன்.

விரல், மணிக்கட்டு, கணுக்கால் வீங்கிச் சூடாக இருந்து, காலையில் விறைப்பு அதிகமாக இருந்தால் அது பெரும்பாலும் முடக்குவாதம் கிளர்ந்தது.

நடந்தால் வலித்து, உட்கார்ந்தால் குறைந்து, முட்டியில் கரகரவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் மூட்டுத் தேய்வு.

வீக்கமே இல்லை, ஆனால் எலும்புக்குள்ளேயே குடைகிற மாதிரி உடம்பெல்லாம் வலி, அதுவும் எலும்பு மருந்து தொடங்கிய பிறகு வந்த புது வலி என்றால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும்.

சுமை தூக்கும்போதோ, தும்மும்போதோ திடீரென்று முதுகில் ‘சுரீர்’ என்று பிடித்து, பிறகு உயரமே குறைந்தாற்போல் இருந்தால் முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம்.

இவை அடையாளம் மட்டும்தான். தீர்ப்பு சொல்ல வேண்டியது டாக்டர். ஆனால், “எப்போது மருந்து தொடங்கியது, எப்போது வலி தொடங்கியது, எந்த இடத்தில்” என்ற மூன்றையும் நீங்கள் சொன்னால்தான் அவரால் தீர்ப்புச் சொல்ல முடியும். அதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

தொடை வலியை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்

எல்லா வலியிலும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்களில் மிகச் சிலருக்கு, தொடை எலும்பே நடுவில் குறுக்காக முறிந்துவிடுகிறது. எலும்பைக் காக்கும் மருந்தே எலும்பை முறிக்குமா என்று கேட்கலாம். எலும்பு என்பது ஓயாமல் பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. கரைப்பதை நீண்ட காலம் தடுத்து வைத்தால், அன்றாடம் விழும் நுண்ணிய விரிசல்கள் சரியாகப் பழுதுபார்க்கப்படாமல் தங்கிவிடுகின்றன. ஒருநாள் படி இறங்கும்போதே எலும்பு முறியும்.

இதை உலகுக்கு முதலில் சொன்னவர்களில் நம் பக்கத்து ஊர் டாக்டர்களும் உண்டு. 2007இல் சிங்கப்பூர் டாக்டர்கள், லேசான விழுகையிலேயே தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்த 13 பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 9 பேர் நெடுநாளாக அலெண்ட்ரோனேட் சாப்பிட்டவர்கள். அந்த 9 பேரில் 5 பேருக்கு, முறிவதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே அந்தப் பக்கத்தில் வலி இருந்திருக்கிறது.

கவனியுங்கள், எலும்பு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. தொடையின் நடுவிலோ, தொடை இடுக்கிலோ மந்தமான வலி. காலை ஊன்றினால் கூடும். ஒரு பக்கமும் வரும், இரண்டு பக்கமும் வரும். இந்த இடத்தில்தான் மூட்டுவாதக்காரர் ஏமாந்துவிடுகிறார். “இடுப்பு மூட்டுத் தேய்வுதான் தொடைக்கு இறங்குது” என்று நினைத்துவிடுகிறார். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு இடுப்பு மூட்டின் தலைப்பகுதிக்கு இரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போகும் நோயும் உண்டு. அதுவும் தொடை இடுக்கில்தான் வலிக்கும். எப்படிப் பார்த்தாலும், எலும்பு மருந்தோ ஸ்டீராய்டோ சாப்பிடுகிறவருக்குப் புதிதாகத் தொடையில் வலி வந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். இரண்டு தொடையையும் முழு நீளத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள். விரிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், முறியாமல் காப்பாற்ற வழி இருக்கிறது. டாக்டரைப் பார்க்கும்வரை சுமை தூக்காதீர்கள். கைத்தடி ஊன்றி நடங்கள்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை எறிந்துவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். 2020இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 2 லட்சம் பெண்களின் விவரங்களை ஆராய்ந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்களைவிட ஆசியப் பெண்களுக்கு இந்தத் தொடை முறிவு அதிகம் என்பது தெரியவந்தது. ஆனாலும், ஆசியப் பெண்கள் 10,000 பேர் மூன்று வருடம் மருந்து சாப்பிட்டால், 91 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படுகின்றன. 8 பேருக்கு இந்த வகைத் தொடை முறிவு வருகிறது. 91 எங்கே, 8 எங்கே! மருந்தால் நன்மையே அதிகம். அந்த 8 பேரில் ஒருவராக நாம் ஆகிவிடாமல் விழிப்பாக இருப்பதுதான் நம் வேலை.

மருந்தை நீண்ட காலம் சாப்பிடச் சாப்பிட இந்த அபாயம் கூடும். ஸ்டீராய்டும் சேர்ந்தால் இன்னும் கூடும். அதனால்தான், மாத்திரை ஐந்து வருடம் ஆனதும், சொட்டு மருந்து மூன்று வருடம் ஆனதும், “இன்னும் தொடர வேண்டுமா, கொஞ்ச காலம் ஓய்வு கொடுக்கலாமா?” என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். அவர்கள் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

பல்லும் கண்ணும்

2003இலிருந்து டாக்டர்கள் கவனித்துவரும் இன்னொரு பக்கவிளைவு தாடை எலும்பில் வருகிறது. பல் பிடுங்கிய இடம் ஆறாமல், எலும்பு வெளியே தெரியும். இது புற்றுநோய்க்கு அதிக அளவில் ஊசி போடுகிறவர்களுக்கே அதிகம். எலும்பு மெலிவுக்குக் கொடுக்கும் அளவில் மிக அரிது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், வாய்ச் சுத்தம் இல்லாதவர்களுக்கும் கொஞ்சம் கூடுதல். வெற்றிலை பாக்கு போட்டுப் பல் ஆடுகிற மூத்தவர்கள், எலும்பு மருந்து தொடங்குவதற்கு முன்பே அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போய்ப் பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, ஆறவிட்டுத் தொடங்குவது நல்லது. தொடங்கிய பிறகு பல் டாக்டரிடம் போனால், “நான் எலும்பு மருந்து சாப்பிடுறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனாலும் சும்மா இருக்காதீர்கள். முடக்குவாதத்தாலும் அப்படி வரும், இந்த மருந்தாலும் அரிதாக வரும். இரண்டுக்கும் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தால் தீராது.

ஆறு மாத ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்

டெனோசுமாப் என்பது 2010இல் வந்த ஊசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கு அடியில் போடுவார்கள். இதை நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த எலும்புக் கரைப்பு மொத்தமாகக் கிளம்பிவிடும். முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கலாம். “இந்தத் தடவை கையில காசு இல்லை, தீபாவளி கழிச்சுப் போட்டுக்கலாம்” என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடும் மருந்து அல்ல இது. தொடர முடியாத நிலை வந்தால், நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மருந்துக்கு மாற்றி எலும்பைக் காப்பார்கள்.

இந்த ஊசி இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் குறைத்துவிடக்கூடும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, கை கால் இழுப்பு இருந்தால் உடனே போங்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் கடுமையானது என்று 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நிர்வாகம் மருந்தின் மேலேயே எச்சரிக்கை அச்சிட வைத்தது. நம் சமுதாயத்தில் நீரிழிவும், அதனால் வரும் சிறுநீரகக் கோளாறும் அதிகம். ஆகவே இதை மறக்காதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது

ஒரு பை எடுத்து, வீட்டில் சாப்பிடுகிற எல்லா மருந்தையும் அதில் போடுங்கள். ஆஸ்பத்திரி மருந்து, தனியார் கிளினிக் மருந்து, கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, ஜாமு, எல்லாமும். மேசைமேல் கொட்டிக் காட்டுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

இதில் ஸ்டீராய்டு எது? எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?
எலும்பு மருந்து தொடங்கி எத்தனை வருடம் ஆகிறது? எப்போது மறுபடி பார்ப்பீர்கள்?
என் சிறுநீரகம் இந்த மருந்தைத் தாங்குமா?
இந்த வலி வாதமா, மருந்தா? எக்ஸ்ரே தேவையா?

மலாயில் சொல்லத் தயக்கமாக இருந்தால் படித்த பிள்ளை ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நம் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்வது நம் உரிமை.

மருந்தோடு சாப்பாடும் வேண்டும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள். தௌஃபு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால் இவற்றில் எது கட்டுப்படியாகிறதோ அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை தினமும் நடங்கள். வீட்டில் வழுக்குகிற பாயை எடுத்துவிடுங்கள், குளியலறையில் ஒரு கைப்பிடி அடியுங்கள், இரவில் ஒரு விளக்கு எரியட்டும். விழாமல் இருப்பதும் எலும்புக்கு ஒரு மருந்துதான். அதற்குப் பக்கவிளைவு கிடையாது.

தோழர்களே, வலியைப் பொறுத்துக்கொண்டே வேலை செய்து பழகியவர்கள் நாம். பிள்ளைகளை ஆளாக்கியது அந்தப் பொறுமைதான். ஆனால் எலும்பு மருந்து சாப்பிடும் காலத்தில் புதிய வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம், நீங்களாக வலியை மறைக்கவும் வேண்டாம். நேரத்தோடு சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் ஒரு தாயார் இன்றைக்குத் தொடையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நாளைக் காலையிலேயே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.